33-வது சேனல்

மிக்ஸர் என்றதும் தீபாவளி டப்பா ஞாபகத்துக்கு வந்தால் அது உங்கள் தப்பில்லை. ஆனால் இந்த வாரம் பேசப்போவது வேறு மிக்ஸர். திருவிழாக் கச்சேரிகளில் மேடைக்குப் பக்கத்திலோ எதிரிலோ ஒரு மேஜையைப் போட்டு, வரிசை வரிசையாகக் குமிழ்கள் வைத்த பெட்டியை ஒருத்தர் திருகிக்கொண்டிருப்பார், பார்த்திருப்பீர்கள். அந்தப் பெட்டிதான். யார் குரல் ஓங்க வேண்டும், யார் குரல் அடங்க வேண்டும் என்று முடிவு செய்கிற பெட்டி.

ஒரு சின்னக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நீங்கள் அஞ்சுகிராமத்தில் சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறீர்கள். எங்கே இருக்கிறது அஞ்சுகிராமம் என்று கேட்பவர்களுக்கு: கன்னியாகுமரி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், திருநெல்வேலி மாவட்டத்தை ஒட்டிக்கொண்டிருக்கும் பேரூராட்சி. பெயரிலேயே அஞ்சு ஊர் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் கோயிலும் உண்டு, சர்ச்சும் உண்டு. அம்மன் கோயில் கொடை, மாடன் கோயில் கொடை, ஆலயத் திருவிழா, கல்யாணம், சடங்கு, கட்சிக் கூட்டம்... சீசன் வந்துவிட்டால் உங்கள் வண்டி வீட்டில் நிற்காது.

உங்களிடம் இருப்பது பழைய அனலாக் மிக்ஸர். உழைத்துக் களைத்துவிட்டது. குமிழைத் தொட்டால் 'கரகர' என்கிறது. டிஜிட்டல் மிக்ஸர் வாங்கிவிடலாம் என்று தீர்மானிக்கிறீர்கள். லட்சங்களில் செலவாகும் சமாச்சாரம். எதை வாங்குவது?

இது சுத்தமான வியாபாரக் கேள்வியாயிற்றே, இதில் நியாய தர்மம் எங்கே வந்தது என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். முதலில் வியாபாரத்தையே பார்த்துவிடலாம்.

டிஜிட்டல் மிக்ஸர் நேற்றுப் பிறந்த குழந்தை அல்ல. 1987-லேயே யமஹா கம்பெனி டிஎம்பி7 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 2005-ல் அதே கம்பெனியின் எம்7சிஎல் வந்தபோது மேடைக் கச்சேரிக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆனால் விலையைக் கேட்டுவிட்டு மறுபடி சாய்ந்துகொண்டார்கள். 2012-ல் பெரிங்கர் எக்ஸ்32 வந்ததும் நிலைமை மாறியது. 32 மைக்குகளை நேராகச் செருகலாம். அமைப்பை மாற்றினால் ஃபேடர்கள் பேய் பிடித்த மாதிரி தானாக நகரும். பெரிய நகரத்துப் பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் எட்டிக்கொண்டிருந்த வசதி, சின்ன ஊர் சவுண்ட் சர்வீஸுக்கும் எட்டியது.

என்னென்ன வசதி? சாயங்காலம் வில்லுப்பாட்டு, ராத்திரி இன்னிசைக் கச்சேரி என்றால் இரண்டுக்கும் தனித்தனியாகச் சரிசெய்து மெமரியில் போட்டுவைக்கலாம். ஒரு பட்டனைத் தட்டினால் முதலாவது போய் இரண்டாவது வந்து நிற்கும். மேடையிலிருந்து மிக்ஸர் வரை மலைப்பாம்பு மாதிரி இழுத்துக்கொண்டு வந்த செப்புக் கேபிளுக்குப் பதிலாக ஒரு நெட்வொர்க் ஒயர் போதும். ஒலி இதற்கு மேல் ஏறக்கூடாது என்று வரம்பு கட்டலாம். வைஃபை இருந்தால், ஒரு டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே நின்றும் எல்லாவற்றையும் கூட்டிக் குறைக்கலாம்.

தொல்லைகளும் உண்டு. கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் அனலாக் மிக்ஸர் உடனே பேசும். டிஜிட்டல் மிக்ஸர் ஒரு கம்ப்யூட்டர், விழித்து எழுந்து சோம்பல் முறிக்க நேரம் எடுத்துக்கொள்ளும். அதனால் யூபிஎஸ் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. அனலாக்கில் ஒரு குமிழ் போனால் உள்ளூரிலேயே சால்டரிங் வைத்து ஒட்டிவிடலாம். இதில் ஒரு போர்டு போனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டணத்துக்கு ஓட வேண்டும்.

பி.காம். படித்த எனக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. வருமான வரிக் கணக்கில் பொதுவான இயந்திரங்களுக்கு வருஷத்துக்கு 15 சதவிகிதம் தேய்மானம். கம்ப்யூட்டருக்கு 40 சதவிகிதம். அப்படியானால் டிஜிட்டல் மிக்ஸர் இயந்திரமா, கம்ப்யூட்டரா? இதை உங்கள் ஆடிட்டரிடம் விட்டுவிடுகிறேன். தேய்மானத்தை விடப் பெரிய கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது.

கடைக்காரரிடம் நீங்கள் கேட்கப்போவது எத்தனை சேனல், என்ன பிராண்ட், எத்தனை வருஷம் கேரண்டி, இவைதான். யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. இந்த மிக்ஸரை இயக்குகிறவர் எங்கே நிற்பார்?

இது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு வில்லுப்பாட்டைப் பார்ப்போம். நாஞ்சில் நாட்டுக்கும் நெல்லைச் சீமைக்கும் சொந்தமான கலை. நாகர்கோவில் மண்ணில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் காந்தி கதையை வில்லில் பாடி அதைப் பட்டணத்துக்கும் கொண்டுபோனார். அந்தக் கதையை அவருக்கு எழுதிக் கொடுத்த சுப்பு ஆறுமுகம் 2021-ல் பத்மஸ்ரீ பெற்று, 2022-ல் மறைந்தார்.

மேடையில் நடுநாயகமாக வில். அதைத் தாங்கும் குடம். உடுக்கை, ஜால்ரா, கட்டை. கதை சொல்லும் தலைமைப் பாடகர். அவர் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல 'ஆமா' போடுகிற பின்பாட்டுக்காரர்கள். இந்த 'ஆமா' கேட்காவிட்டால் வில்லுப்பாட்டே இல்லை. கதை சொல்பவர் ஏதோ தனக்குத்தானே பேசிக்கொள்கிற மாதிரி ஆகிவிடும்.

இப்போது உங்கள் மிக்ஸர் மேடைக்குப் பக்கவாட்டில் இருக்கிறது என்று வையுங்கள். குடத்தின் அடி உங்கள் காதில் நேராகவே வந்து விழுகிறது. 'குடம் ரொம்ப ஜாஸ்தி' என்று தோன்றுகிறது. குறைக்கிறீர்கள். பின்பாட்டுக்காரர் பக்கத்தில் இருப்பதால் அவர் குரலும் உங்களுக்கு நேராகக் கேட்கிறது. அதையும் குறைக்கிறீர்கள். உங்கள் காதுக்கு எல்லாம் அளவோடு இருக்கிறது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குக் குடமும் இல்லை, 'ஆமா'வும் இல்லை. நீங்கள் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை, வேலையில் கவனக்குறைவும் இல்லை. உட்கார்ந்த இடம் தப்பு. அதனால் தீர்ப்பும் தப்பாகிவிட்டது.

கவனியுங்கள், ஃபேடர்களை எல்லாம் ஒரே உயரத்தில் வைத்து 'எல்லோருக்கும் சமம்' என்று சொல்லிவிட்டாலும் இதே கதிதான். குடத்துக்கும் மனிதக் குரலுக்கும் ஒரே அளவு கொடுத்தால் குடம்தான் ஜெயிக்கும். கடைசி வரிசைக்குப் போய்க் கேட்டால்தான் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதே தெரியும்.

நம் ஊர்ப் பந்தியில் ஒரு வழக்கம் உண்டே. சமையல்காரர் கரண்டியோடு ஒரு நடை பந்திப் பக்கம் வந்து, சாப்பிடுகிறவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவார். அடுப்பங்கரையில் ருசி பார்த்தது வேறு, இலையில் விழுந்தபிறகு இருக்கும் ருசி வேறு என்று அவருக்குத் தெரியும். அவியலில் உப்புக் குறைந்ததை அடுத்த பந்திக்காவது சரிசெய்துவிடுவார்.

டிஜிட்டல் மிக்ஸரின் உண்மையான பெருமை என் பார்வையில் இங்கேதான் இருக்கிறது. 32 சேனல், தானாக நகரும் ஃபேடர் எல்லாம் அப்புறம். அதை இயக்குகிறவர் எழுந்து நடக்கலாம். டேப்லெட்டோடு கடைசி வரிசைக்குப் போய், பாட்டி பக்கத்தில் நின்று, அவருக்கு என்ன கேட்கிறதோ அதைத் தானும் கேட்டு, அங்கேயே சரிசெய்யலாம். தன் முடிவு எங்கே போய் விழுகிறதோ அங்கே போய் நின்று பார்க்க முடிகிற அதிகாரம். இது எத்தனை பேருக்கு வாய்க்கிறது?

சரி, கடைசி வரிசைதான் கடைசியா?

இங்கேதான் வியாபாரம் முடிந்து விவகாரம் தொடங்குகிறது. உங்களுக்கு எத்தனை வாடிக்கையாளர்கள் என்று எண்ணிப் பாருங்கள். பணம் கொடுக்கும் விழாக் கமிட்டி ஒன்று. மேடையில் பாடுகிறவர்கள் இரண்டு. எதிரில் உட்கார்ந்து கேட்கும் ஜனங்கள் மூன்று. நாலாவதாக ஒருவர் இருக்கிறார். அவர் பணம் கொடுக்கவில்லை, பாட வரவில்லை, கேட்கவும் வரவில்லை. மூன்று தெரு தள்ளி வீட்டில் இருக்கிறார். நெஞ்சு வலிக்கு மாத்திரை போட்டுப் படுத்திருக்கும் பெரியவராக இருக்கலாம். நாளைக்குப் பரீட்சை எழுதப்போகும் பிள்ளையாக இருக்கலாம். கைக்குழந்தையை இப்போதுதான் தூங்கவைத்த தாயாக இருக்கலாம். உங்கள் ஒலி அவரிடமும் போகிறது. ஆனால் உங்கள் மிக்ஸரில் 32 சேனல்களையும் தேடினாலும் அவருக்கு ஒரு மைக் கிடையாது. அவர் 33-வது சேனல்.

அவருக்கு எவ்வளவு கேட்கும்? திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும் என்பது பாலபாடம். ஸ்பீக்கருக்கு 1 மீட்டர் முன்னால் 100 டெசிபல் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருவிழா ஸ்பீக்கருக்கு இது ரொம்ப சாதுவான கணக்கு. 2 மீட்டரில் 94. 4 மீட்டரில் 88. இப்படியே இரட்டித்துக்கொண்டு போனால் 128 மீட்டர் தள்ளி 58 டெசிபல். குடியிருப்புப் பகுதிக்குச் சட்டம் சொல்லும் அளவு பகலில் 55, இரவில் 45. அதாவது சாதுவான கணக்கிலேயே, நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கும் வீட்டில் ராத்திரி அளவு 13 டெசிபல் தாண்டிவிடுகிறது. 10 டெசிபல் கூடினால் நம் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தெரியும்.

சட்டம் என்றேனே, அது மத்திய அரசின் ஒலி மாசு விதிகள், 2000. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை, கலாசார நிகழ்ச்சிகளுக்காக வருஷத்துக்கு 15 நாளுக்கு மிகாமல், ராத்திரி 12 மணி வரை மாநில அரசு அனுமதிக்கலாம். அதே 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில், சென்னை கே.கே.ஆர். நகர்க்காரர்கள் ஒரு சர்ச்சின் ஒலிபெருக்கிகள் மீது தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அடுத்தவர் அமைதியைக் குலைத்துத்தான் பிரார்த்தனை செய்ய வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்பது அதன் சாரம். அது சர்ச்சுக்கு மட்டுமான தீர்ப்பு என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். கோயிலுக்கும் மசூதிக்கும் கட்சி மாநாட்டுக்கும் சேர்த்துத்தான்.

2005 ஜூலை 18-ல் வந்தது இன்னொரு பெரிய தீர்ப்பு. அந்த வழக்குக்குக் காரணமாக இருந்த செய்தியைப் படித்தால் மனசு கனத்துவிடும். 1998 ஜனவரியில் பத்திரிகைகளில் வந்தது. 13 வயதுச் சிறுமி ஒருத்தி பாலியல் கொடுமைக்கு ஆளானபோது போட்ட கூச்சல் யாருக்கும் கேட்கவில்லை. அக்கம்பக்கத்தில் ஒலிபெருக்கியில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலமே அவள் தீக்குளித்து இறந்துபோனாள்.

பாட்டுப் போட்டவர் குற்றவாளி இல்லைதான். அவர் யாருக்கும் கெடுதல் நினைத்திருக்க மாட்டார். நம் வில்லுப்பாட்டு மேடையில் குடத்தைக் குறைத்தவர் மாதிரியே, தான் இருந்த இடத்திலிருந்து அவருக்கு எல்லாம் சரியாகவே இருந்திருக்கும். 33-வது சேனல் அவருக்குக் கேட்கவில்லை. அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு பெரியது பாருங்கள்!

இந்த இடத்தில் உங்களுக்குக் கோபம் வரலாம். 'என்ன ஸார், வருஷத்தில் ரெண்டு நாள் ஊர் கூடிச் சந்தோஷமாக இருக்கிறது. பட்டணத்துப் பணக்காரன் ஏஸி ஹாலில் உட்கார்ந்து கேட்பான். கிராமத்து ஆளுக்கு இந்தத் திடல்தான் சபா. அதிலும் கை வைக்கணுமா?' நியாயமான கோபம். இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். மாடன் கோயில் கொடையின் உச்சமே நடுச்சாமத்தில்தான். வில்லுப்பாட்டில் கதை சூடுபிடித்து, சாமி வந்து ஆடுகிற நேரம் அது. '10 மணிக்கு சாமியை நிறுத்து' என்று சொல்ல முடியுமா?

சொல்ல வேண்டாம். வில்லும் குடமும் உடுக்கையும் கரண்ட் வருவதற்கு முன்னாலேயே இருந்தவை. அப்போதும் சாமி வந்தது. நடுச்சாமத்தில் கோயில் முற்றத்தில் சுற்றி நிற்கிற பத்து நூறு பேருக்கு அந்த உடுக்கை நேராகவே கேட்கும். அந்த நேரத்துப் பெரிய ஸ்பீக்கர்கள் உண்மையில் யாருக்காகப் பாடுகின்றன? அங்கே வராதவர்களுக்காக. வந்தவர்களுக்கு அப்போது மைக் தேவையில்லை, வராதவர்களுக்கு மைக் வேண்டாம்.

அஞ்சுகிராமத்திலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் சுசீந்திரம். தாணுமாலயன் கோயிலில் ஒரே கல்லில் செதுக்கிய இசைத்தூண்கள் இருக்கின்றன. தட்டினால் ஸ்வரம் பேசும். ஆனால் அதைக் கேட்க நீங்கள் அந்தத் தூணுக்குப் பக்கத்தில் போக வேண்டும், காதைக் கொடுக்க வேண்டும். அந்த இசை யார் வீட்டுக் கதவையும் தட்டாது. நாமாகத் தேடிப் போகிற ஒலி வேறு, நம்மைத் தேடி வந்து பிடித்துக்கொள்கிற ஒலி வேறு. முன்னதில் நம் சம்மதம் இருக்கிறது. ராத்திரி 12 மணிக்கு ஜன்னல் வழியாக வருவதில் அது இல்லை. கொடையின் சந்தோஷம் ஊருக்குச் சொந்தம். தூக்கம் அந்தப் பெரியவருக்குச் சொந்தம். அவருடையதை எடுத்து ஊருக்கு இனாமாகக் கொடுக்க மிக்ஸர்காரருக்கு என்ன உரிமை?

சரி, மிக்ஸர்காரருக்கு மட்டும் மனசு இருந்தால் போதுமா? நடைமுறையைப் பாருங்கள். உங்களிடம் வேலை பார்க்கும் பையன் ஃபேடரில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறான். கமிட்டிக்காரர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருகிறார். 'என்னடே, சவுண்டே காணலியே? பக்கத்து ஊருக்குக் கேக்காண்டாமா? கூட்டுடே!' தினக்கூலிப் பையன் என்ன செய்வான்? கூட்டுவான். அதுவும் போக, இரண்டு மணி நேரம் அந்த இரைச்சலில் உட்கார்ந்திருந்தால் அவன் காதே மரத்துப்போய், உள்ளது குறைவாகக் கேட்கும். அதனால் தானாகவே இன்னும் கொஞ்சம் கூட்டுவான். கச்சேரி மாதிரி இடங்களில் 15 நிமிஷச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் ஒரு வரையறை வெளியிட்டது. அது கேட்க வந்தவர்களின் காதைக் காப்பாற்ற. கேட்க வராதவர்களுக்கு அதைவிட எவ்வளவோ கீழே நிற்க வேண்டும்.

டிஜிட்டல் மிக்ஸர் இங்கே ஒரு உதவி செய்யும். சாயங்காலமே நீங்கள் ஒரு வரம்பு கட்டி, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிடலாம். பையன் கையை விரித்துவிடலாம்: 'அண்ணாச்சி, மெஷினு இதுக்கு மேல விடாது.'

இது கோழைத்தனம் இல்லையா? மனிதன் சொல்ல வேண்டிய 'மாட்டேன்' என்ற வார்த்தையை மெஷின் மேல் போடுவது சரியா? ஒரு தத்துவ ஆசிரியர், பூட்டிவைத்த அடக்கம் அடக்கமே அல்ல என்று சொல்லக்கூடும். வேறு வழி இல்லாததால் நல்லவனாக இருப்பதில் என்ன புண்ணியம்?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பூட்டைப் போட்டவர் நீங்கள். யாரும் வந்து மிரட்டாத சாயங்காலத்தில், நிதானமான மனசோடு, ராத்திரி 11 மணிக்குத் தனக்கோ தன் பையனுக்கோ வரப்போகும் சபலத்தையும் பயத்தையும் முன்கூட்டியே யோசித்துப் போட்டீர்கள். சம்பளம் வந்த அன்றே போஸ்ட் ஆபீஸ் சேமிப்பில் போட்டுவிடுகிறவரை யாராவது கோழை என்கிறோமா? அதிலும் இந்தப் பூட்டு, கமிட்டியை எதிர்த்துப் பேச வக்கில்லாத ஒரு ஏழைப் பையனுக்குப் பின்னால் நிற்கிற சுவர். முதலாளி என்கிற முறையில் அந்தச் சுவரை எழுப்புவது உங்கள் கடமை. முன்பணம் வாங்கும்போதே கமிட்டியிடம் நீங்களே அளவைச் சொல்லிவிட்டால் இன்னும் உத்தமம். பையனை மெஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள விட வேண்டியதில்லை.

ஆனால் பூட்டு மட்டும் போதாது. வரம்பை எந்த அளவில் கட்டுவது? அதை மிக்ஸருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு கண்டுபிடிக்க முடியாது. மறுபடியும் நடக்கத்தான் வேண்டும். கடைசி வரிசை வரை, அதையும் தாண்டி மூன்று தெரு வரை. அவ்வளவு தூரம் வைஃபை எட்டாது. டேப்லெட்டை மடக்கி வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, வெறும் காதோடு போய் நிற்க வேண்டும். பெரியவர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே ஒரு நிமிஷம். அப்புறம் திரும்பி வந்து வரம்பைக் கட்டலாம். டெக்னாலஜி பாதி தூரம் கூட வரும். மீதித் தூரம் நம் கால்.

யோசித்துப் பாருங்கள், ஃபேடர் உங்கள் கையிலும் ஏதாவது ஒன்று இருக்கும். வகுப்பில் யார் கேள்விக்கு எவ்வளவு நேரம் என்று தீர்மானிக்கிற ஆசிரியராக இருக்கலாம். எந்த டேபிளில் எந்த ஃபைல் தூங்கலாம் என்று முடிவெடுக்கும் அதிகாரியாக இருக்கலாம். வீட்டில் யார் பேச்சு எடுபடும், யார் பேச்சு எடுபடாது என்பது உங்கள் முகத்தைப் பொறுத்து இருக்கலாம். வாராவாரம் லட்சம் பேர் கண்முன்னால் ஒரு பக்கத்தை நிரப்புகிற என்னைப் போன்ற ஆசாமி கையிலும் ஒன்று இருக்கிறது. உட்கார்ந்த இடத்தில் நமக்கு எல்லாம் சரியாகத்தான் கேட்கும். சந்தேகமே வராது. அதுதான் அந்த நாற்காலியின் ஆபத்து.

ஆகவே, அஞ்சுகிராமம் சவுண்ட் சர்வீஸ் முதலாளி அவர்களே, பிராண்ட் உங்கள் இஷ்டம். 16 சேனலோ 32 சேனலோ, பட்ஜெட்டுக்குத் தக்கபடி. யூபிஎஸ் மறக்க வேண்டாம். கூட்டத்தில் நூற்றுக்கணக்கான செல்போன்கள் இருக்கும், அதனால் நல்ல ரூட்டராகப் பார்த்து உயரத்தில் கட்டுங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் கடைக்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். 'இதை எடுத்துக்கொண்டு எவ்வளவு தூரம் நடக்கலாம்?' அவர் மீட்டரில் ஒரு பதில் சொல்வார். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மீட்டருக்கு அப்பால் இருக்கும் வீடுகளையும் உங்கள் வாடிக்கையாளர் லிஸ்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஒரு பைசா தர மாட்டார்கள். நன்றாக நடந்துகொண்டால் நன்றி சொல்லவும் வர மாட்டார்கள்.

தூங்கிக்கொண்டிருப்பார்கள்.